பியர் மேல் வெள்ளை ஏடு: விடுவதா, பாட்டிலில் அடைப்பதா, கொட்டுவதா?

"அண்ணா, ஊத்திடவா?" என்று ஒரு வரி, கூடவே ஒரு படம். அனுப்பியவன் கவென்ட்ரியில் இருக்கும் தம்பி ஒருவன். என்னைப் பார்த்து வீட்டில் பியர் போட ஆரம்பித்தவன். படத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை, உள்ளே பொன்னிறத்தில் பியர், அதன் மேல் ஆறிய பாலில் படியும் ஆடை மாதிரி ஏதோ ஒன்று. "திறக்காதே, தொடாதே, எழுதி அனுப்புறேன்" என்று பதில் போட்டேன். அவனுக்கு எழுத உட்கார்ந்ததுதான் இப்படி நீண்டுவிட்டது.

நான் இருப்பது லீட்ஸில். இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு பியர் காய்ச்ச 1963 முதல் உரிமம் வேண்டாம். விற்கக் கூடாது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அங்கே இன்றும் இருக்கிறது, வீட்டில் போட்டுப் பார்க்கும் விஷயமில்லை இது. ஊரில் இருக்கும் மாமாவிடம் ஒருமுறை போனில் "பியர் காய்ச்சுறேன் மாமா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நம் பக்கம் "காய்ச்சுவது" என்றால் எது என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

சரி, ஏட்டுக்கு வருவோம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செப்டம்பரில் 23 லிட்டர் காய்ச்சினேன். சாதாரண இங்கிலீஷ் ஏல் வகை பியர், ஆரம்ப கிராவிட்டி 1.048 (தண்ணீரை 1.000 என்று வைத்துச் சொல்லும் அடர்த்தி; சர்க்கரை தீரத் தீர இறங்கும்). பிளாஸ்டிக் வாளியில் இரண்டு வாரம் நொதித்து 1.012இல் நின்றது. அடியில் தங்கிய ஈஸ்ட் மண்டியை விட்டுவிட்டு மேலே இருந்ததை சைஃபன் குழாயால் ஐந்து டெமிஜான்களுக்கு மாற்றினேன். ஒவ்வொன்றும் நாலரை லிட்டர் பிடிக்கும் கழுத்துக் குறுகிய கண்ணாடிக் குடுவை. மண்டிக்குப் போனது போக 21 லிட்டர்தான் தேறியது. ஆக முதல் மூன்றும் கழுத்து வரை நிறைய, கடைசி இரண்டும் தோள் வரைகூட வரவில்லை. அந்தக் குறை பிற்பாடு என்ன வேலை செய்தது என்று பாருங்கள்.

ஒன்றை அப்படியே விட்டேன். இரண்டாவதில் வாசனைக்காக ஹாப்ஸ் துகள் போட்டேன், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ அது. மூன்றாவதில் ஃப்ரீசரில் வைத்திருந்த பிளாக்பெர்ரி, அது பிடிக்கும் அளவுக்குக் கொஞ்சம் பியரை வெளியே எடுத்துவிட்டு. நாலாவதில் வீட்டுக்குப் பின்னால் சந்து வேலியில் அன்று காலை பறித்த பிளாக்பெர்ரி, கழுவி அப்படியே. ஐந்தாவது மிச்சம் மீதி. எல்லாவற்றுக்கும் ஏர்லாக் (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பான்) மாட்டி, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இருட்டு அறைக்குள் தள்ளிவிட்டு மறந்துவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரே பானையில் காய்ச்சிய பியர், ஐந்து குடுவையிலும் ஐந்து விதமான முகம்.

கண்ணால் எவ்வளவு தெரியும்?

முதல் குடுவையில் கண்ணாடியை ஒட்டி வளையமாகச் சிறு குமிழிகள், நடுவில் இரண்டு மூன்று குமிழித் திட்டுகள். இது ஒன்றுமே இல்லை. பியரில் கரைந்திருக்கும் கரியமில வாயு அறை கொஞ்சம் சூடானாலே வெளியே வரும். ஏர்லாக்கில் ஒரு "ப்ளக்" கேட்கலாம். அதை வைத்து மறுபடி நொதிக்கிறது என்றுகூட நினைக்கத் தேவையில்லை.

இரண்டாவதில் பச்சைத் தூள் மிதந்தது. கூடவே சந்தன நிறத்தில், ஊறிய அவல் மாதிரி சில கட்டிகள். புதிதாகப் போடுகிறவர்களைப் பயமுறுத்துவதில் இவற்றுக்குத்தான் முதலிடம். அவை ஈஸ்ட் தெப்பங்கள். வாயு அடியிலிருந்து ஈஸ்டைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது, அது கட்டியாக மிதக்கிறது. மேலே எழும் குணமுள்ள பழைய இங்கிலீஷ் ஏல் ஈஸ்டுகளிலும் கோதுமை பியர் ஈஸ்டுகளிலும் இது சகஜம். சோதிப்பது சுலபம்: குடுவையைத் தரையிலிருந்து தூக்காமல் ஒரு கால் சுற்று திருப்புங்கள். தெப்பம் என்றால் நொறுங்கி, புகை மாதிரிக் கீழே இறங்கும். ஒன்றிரண்டு மறுநாள் திரும்ப மேலே வரும், வரட்டும்.

மூன்றாவதில்தான் நிஜமாகவே ஏதோ வளர்ந்திருந்தது. பழங்களுக்கு இடையில் இருந்த இடமெல்லாம் மெல்லிய வெள்ளைச் சவ்வு. அங்கங்கே அதற்கடியில் வாயு மாட்டிக்கொண்டு தட்டையான பெரிய குமிழிகளாக உப்பியிருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் சவ்வில் சுருக்கம் சுருக்கமாகத் தெரிந்தது, இஸ்திரி போடாத வேட்டி போல. குடுவையைத் திருப்பியபோது கீழே இறங்கவில்லை, கிழிந்தது. இரண்டு நாளில் கிழிசலை மூடிக்கொண்டது. பியர் போடுகிறவர்கள் இதை பெல்லிக்கிள் என்பார்கள். காற்று படும் பரப்பில் சில ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் கூட்டாகக் கட்டிக்கொள்ளும் கூரை இது. பிரெட்டானோமைசிஸ், சுருக்கமாக பிரெட், என்ற காட்டு ஈஸ்ட் இப்படிக் கட்டும். பிக்கியா, கேண்டிடா வகைகளும் கட்டும். பின்னவற்றைப் பொதுவாகக் காம் ஈஸ்ட் என்பார்கள், ஜெர்மன் பேர்.

காம் ஈஸ்டை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். உப்புநீரில் மாங்காய் ஊறும் ஜாடியை நாலு நாள் கவனிக்காமல் விட்டால் மேலே அரிசிமாவு தூவியது போல வெள்ளையாகப் பூக்குமே, அந்தக் கூட்டம்தான். அம்மா கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு ஜாடியை வெயிலில் வைப்பார். "மாங்காய் நல்லாத்தான் இருக்கு, மேலதான் பூத்திருக்கு" என்பார். ஊறுகாய்க்கு அந்த ஒரு வாக்கியம் போதும். பியருக்குப் போதாது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நாலாவதிலும் அதே சவ்வு. ஆனால் சவ்வுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்த ஒரு பழத்தின் உச்சியில் பத்துப் பைசா அளவுக்கு வட்டமாக ஒன்று: விளிம்பில் வெள்ளை, நடுவில் சாம்பல் கலந்த பச்சை. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்ததும் ரோமம் தெரிந்தது. வெல்வெட் துணியில் ஒரு நூல் ஓரம் போல. இது பூசணம், வேறு பேச்சே இல்லை.

ஐந்தாவதில் ஏர்லாக் தண்ணீர் வற்றியிருந்தது. அந்த அறையின் சுவரோரம் ஹீட்டர் குழாய் போவதை நான் யோசிக்கவில்லை. பியரின் மேல் நிறமில்லாத, எண்ணெய் மினுங்கும் படலம். மூடியைத் தளர்த்தியதும் மூக்கில் ஏறிய காட்டம் சொல்லிவிட்டது: வினிகர். அசிட்டோபாக்டர் பாக்டீரியா, காற்று கிடைத்தால் ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கிவிடும். பழ ஈ ஒன்று உள்ளே போயிருந்தாலே போதும், அதன் காலிலேயே இது வரும்.

இதிலிருந்து ஒரு விஷயம் சொல்லலாம். கண் ஒரே ஒரு கேள்விக்குத்தான் உருப்படியாகப் பதில் சொல்லும்: பூசணமா, இல்லையா? ரோமம் இருக்கிறதா, பச்சை நீலம் கறுப்பு என்று நிறம் இருக்கிறதா, தனித்தனி வட்டங்களாக, காய்ந்த மாதிரி, எதன் மேலாவது உட்கார்ந்திருக்கிறதா? அப்படியென்றால் பூசணம். பரப்பு முழுவதும் ஈரமாகவோ மாவாகவோ ஒரே தளமாக விரிந்திருந்தால் சவ்வு. இளம் பூசணம் முதல் இரண்டு நாள் வெள்ளையாகவே இருக்கும், அதனால் சந்தேகம் இருந்தால் மூன்று நாள் காத்திருங்கள், நிறம் வந்துவிடும். சவ்வு என்று முடிவானபின், அது பிரெட்டா காமா வேறு எதுவுமா என்று படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பதில் பயனில்லை. ஒரே ஈஸ்ட் இரண்டு குடுவையில் இரண்டு விதமாக ஏடு கட்டும்.

"ஒன்றும் செய்யாது" என்றால் யாருக்கு?

தம்பி அனுப்பிய படத்துக்குக் கீழே யாரிடம் கேட்டாலும் "ஒன்றும் செய்யாது" என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அரைகுறை உண்மை. உடம்பை ஒன்றும் செய்யாதா, ருசியை ஒன்றும் செய்யாதா, பாட்டிலை ஒன்றும் செய்யாதா? மூன்றும் வேறு வேறு.

உடம்புக்கு: முடிந்த பியரின் பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.0இலிருந்து 4.5க்குள் இருக்கும். ஆல்கஹால் இருக்கிறது, ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் இருக்கின்றன, உள்ளே ஆக்சிஜன் இல்லை. நமக்கு நோய் தரும் கிருமிகள் இத்தனையையும் தாண்டி அதில் வளருவது அபூர்வம். போட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சு பற்றிக் கேட்கிறவர்களுக்கு: அந்தப் பாக்டீரியா வளர 4.6க்கு மேல் பிஎச் வேண்டும். ஆக, பூசணம் நீங்கலாக, மேலே படரும் ஏடு எதுவும் உங்களைப் படுக்கையில் தள்ளாது.

ருசிக்கு: இதை மூக்குதான் சொல்லும். பழத்தோல், லவங்கம், தோல்செருப்புக் கடை, குதிரை லாயம் என்றெல்லாம் வாசனை வந்தால் பிரெட். சிலருக்கு அது அமிர்தம், சிலருக்கு ஆகாது. நகப்பூச்சு அழிக்கும் திரவ வாடை லேசாக வந்தால் கவலை, தூக்கலாக வந்தால் அந்த பியர் தேறாது. வினிகர் வாடையும் அப்படியே. ஊற்றும்போது எண்ணெய் போல நூல் விட்டால் பிடியோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. பிரெட் கூட இருந்தால் சில மாதத்தில் அந்தக் கொழகொழப்பு போய்விடும், இல்லாவிட்டால் அப்படியே நிற்கும்.

பாட்டிலுக்கு: ஆபத்து இங்கேதான். இதை கிராவிட்டி அளக்கும் ஹைட்ரோமீட்டர் மட்டும்தான் சொல்லும்.

கீழிருந்து உறிஞ்சி உடனே பாட்டிலில் அடைப்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஏடு மேலே இருக்கிறது, பியர் கீழே தெளிவாக இருக்கிறது. குழாயை நடுவில் இறக்கி, கடைசி இரண்டு விரல்கடை பியரை ஏட்டோடு விட்டுவிட்டு மிச்சத்தைப் பாட்டிலில் பிடித்துவிடலாமே? ஊறுகாய் ஜாடியில் அம்மா செய்தது போல.

சிக்கல் என்னவென்றால், ஏடு என்பது அந்தக் கூட்டத்தின் கூரை மட்டும். ஆட்கள் குடுவை முழுவதும் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் அடைக்கிறீர்கள். சாதாரண பியர் ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை பிரெட் மெதுவாக உடைத்துத் தின்னும். அது முடிக்க ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டிலில் நுரைக்காக நாம் சேர்க்கும் சர்க்கரை சுமார் 2.3 வால்யூம் வாயு வரும்படி இருக்கும், அதாவது ஒரு லிட்டர் பியரில் 2.3 லிட்டர் வாயு. பியரின் கிராவிட்டி ஒரு புள்ளி, அதாவது 0.001, இறங்கினால் தோராயமாக அரை வால்யூம் வாயு கூடுதலாக வரும். 1.010இல் அடைத்தது உள்ளே 1.006க்கு இறங்கினால் நாலு புள்ளி, கூடுதலாக இரண்டு வால்யூம். மொத்தம் 4.3. சாதாரண பியர் பாட்டில் மூன்று, மூன்றரைக்கு மேல் நம்பத் தகுந்ததில்லை. அதற்கு மேல் அது கண்ணாடிக் குண்டு. வெடிப்பது உங்கள் கையில் இருக்கும்போதா, அலமாரியில் இருக்கும்போதா என்பது அதிர்ஷ்டம்.

ஆகவே உடனே அடைக்கலாம் என்று நான் சொல்வது ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்: மெலிதான ஏடு, நல்ல வாசனை, ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருக்கின்றன. சுத்தமான பியருக்கு மூன்று நாள் இடைவெளி போதும் என்பார்கள். ஏடு கட்டிய பியருக்கு அந்தக் கணக்கு செல்லாது. மாதம் ஒன்றும் காத்திருக்க முடியாது, விருந்து இருக்கிறது என்றால், பாட்டிலில் அடைத்து நுரை வந்ததும் எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் ஏற்றி, இரண்டு மூன்று வாரத்தில் குடித்துத் தீர்த்துவிடுங்கள். நண்பர்களுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். அவர்கள் அதை கார் டிக்கியில் மறந்துவிடுவார்கள்.

விட்டுவிடுவது

இதைத்தான் மூன்றாவது குடுவைக்குச் செய்தேன். நான் அதிகம் சிபாரிசு செய்வதும் இதையே. சோம்பேறித்தனம் போலத் தெரியும். உண்மையில் கை அரிப்பை அடக்குவதுதான் இதில் கஷ்டம்.

ஏடு ஏன் கட்டுகிறது? காற்று. வாளியில் முதல் கட்டத்தில் நொதிக்கும்போது ஈஸ்ட் விடும் கரியமில வாயு மேலே இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடும். இரண்டாம் கட்டத்துக்கு மாற்றும்போது புதுக் குடுவையில் மேலே நிற்பது சாதாரணக் காற்று. அதை வெளியேற்ற நொதித்தல் மிச்சமில்லை. என் ஐந்து குடுவைகளில் நிறைந்திருந்த முதல் இரண்டிலும் ஒன்றும் வளரவில்லை. குறைந்திருந்த கடைசி இரண்டும்தான் கெட்டன. (இதனால்தான் இப்போது பலர் சாதாரண ஏலை இரண்டாம் குடுவைக்கே மாற்றுவதில்லை. பழமும் இல்லை, பல மாதம் வைக்கும் எண்ணமும் இல்லை என்றால் நானும் மாற்றுவதில்லை.)

இப்போது ஏடு கட்டிவிட்டது, நமக்குப் பயம். தினமும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் உள்ளே புதுக் காற்றுப் போகிறது. ஏடு தடிக்கிறது. பயம் கூடுகிறது. மறுபடி திறக்கிறோம். தம்பி படம் அனுப்புவதற்கு முன் வாரத்தில் நாலு தடவை திறந்திருக்கிறான்; கேட்டபோதுதான் சொன்னான்.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்ற புளிப்பு பியர் போடுகிறவர்கள் இந்த ஏட்டைப் பகையாகவே நினைப்பதில்லை. அங்கே சூடான வோர்ட்டை, அதாவது இன்னும் நொதிக்காத தானியச் சாற்றை, அகலமான திறந்த தொட்டியில் இராத்திரி முழுக்க ஆறவிட்டு, காற்றில் வருவதும் மரத்தில் இருப்பதும் நொதிக்கட்டும் என்று ஓக் பீப்பாய்களுக்கு ஏற்றுகிறார்கள். ஆண்டர்லெக்டில் 1900இல் தொடங்கிய காண்டியோன் என்ற பியர் ஆலை இன்றும் அப்படித்தான் செய்கிறது. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் பீப்பாயில் கிடக்கும்போது மேலே கட்டும் ஏடு கீழே இருக்கும் பியருக்குக் காற்று படாமல் ஓரளவு மூடி வைக்கிறது. இப்படிப் பழுக்கும் புளிப்பு பியர்களில் ஏட்டைக் கலைக்காமல் ருசி பார்க்கப் பீப்பாயின் முகப்பில் சின்ன ஓட்டை போட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி அடித்து வைப்பதும் உண்டு. ஆணியைப் பிடுங்கினால் மெல்லிய தாரையாக பியர் வரும், கோப்பையில் பிடித்துவிட்டுத் திரும்ப அடித்துவிடலாம். பிரெட்டானோமைசிஸுக்கு அந்தப் பேரை 1904இல் வைத்தவர் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையில் இருந்த கிளாவ்சன். பிரிட்டிஷ் பூஞ்சை என்று பொருள். இங்கிலீஷ் ஏலின் பழைய வாசனை அதிலிருந்து வந்தது என்று அவர் கண்டார். நூறு வருடத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் உட்கார்ந்து அதைப் பார்த்து நாம் பதறுகிறோம்.

விட்டுவிடுவதென்றால் மறந்துவிடுவது என்று அர்த்தமில்லை. ஏர்லாக்கில் தண்ணீர் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். கண்ணாடி வழியாகவே பார்த்தால் போதும். மாதம் ஒருமுறை நீளமான கண்ணாடிப் பிப்பெட்டை ஏட்டின் ஓரமாக இறக்கி, ஹைட்ரோமீட்டர் குழாய் நிறையும் அளவு எடுத்து, அளந்து, முகர்ந்து, குடித்துப் பார்த்துவிட வேண்டும். எடுத்ததைத் திரும்ப ஊற்றாதீர்கள். எடுத்த அளவுக்கு உள்ளே காற்றிடம் கூடுமே? அதற்குக் கோலிக்குண்டு. வெந்நீரில் கொதிக்க வைத்து ஆறிய கண்ணாடிக் கோலிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டால் மட்டம் திரும்பக் கழுத்துக்கு ஏறும். குடுவையைச் சாய்த்து, கோலி கண்ணாடியைத் தட்டாமல் சரிந்து இறங்கும்படி விட வேண்டும், இல்லாவிட்டால் அடி விரிசல் விடும்.

பழம் போட்டிருந்தால் இன்னொன்று. அதைக் கட்டுப்படுத்தாவிட்டால் மிதக்கும், மிதந்தால் தலை வெளியே நீட்டும், நீட்டிய தலையில் பூசணம் உட்காரும். மூன்றாவது குடுவையில், டார்ச் அடித்துப் பார்த்த நாளிலிருந்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை லேசாகத் திருப்பி எல்லாப் பழத்தையும் நனைத்துவிட்டேன், மூடியைத் திறக்காமலே. ஃப்ரீசரில் வைத்த பழம் என்பதால் தோல் கிழிந்து சாறு விட்டுச் சீக்கிரம் மூழ்கியது. ஃப்ரீசர் காட்டு ஈஸ்டைக் கொன்றுவிடும் என்று நினைக்க வேண்டாம், தூங்க வைக்கும், அவ்வளவே. ஏடு கட்டியதற்கு அதுவே சாட்சி.

கெக், குளிர், மாத்திரை

கெக் எனும் உலோகப் பீப்பாய் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியில் பாதி இல்லை. காற்றை வெளியேற்றிய கெக்கில் கீழிருந்து பியரை ஏற்றி, கரியமில வாயு கொடுத்து, நாலு டிகிரியில் வைத்தால் காற்றை நம்பி வாழும் காம் ஈஸ்ட் அடங்கிவிடும். பிரெட்டுக்குக் காற்று இல்லாவிட்டாலும் கவலையில்லை, ஆனால் குளிரில் மந்தமாகும், அழுத்தம் ஏறினால் கெக்கில் வால்வு இருக்கிறது. வெடிக்க வழியில்லை. கெக் வாங்கிய பிறகு பயம் போய்விட்டது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை.

கேம்டன் மாத்திரை பற்றிக் கேட்பார்கள். மெட்டாபைசல்பைட் உப்புதான், காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் இருக்கும் சிப்பிங் கேம்டன் ஊரின் பேர். பழத்தை நொதிக்கப் போடுவதற்கு முன்னால் நனைக்க நல்லது. ஏடு கட்டிய பிறகு ஒன்றிரண்டு மாத்திரையை நசுக்கிப் போட்டுவிட்டு "எல்லாம் செத்தது" என்று பாட்டிலில் அடைப்பது வெறும் ஆறுதல். பல ஏட்டு ஈஸ்டுகள் அந்த அளவைத் தாங்கும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு சல்பைட் ஆகவே ஆகாது. எனக்கு இந்த வழியில் நம்பிக்கையில்லை.

கொட்டுவது

நாலாவது குடுவையைக் கொட்டினேன். அந்த ஒரு பழத்தை எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நாலு பேரில் ஒருவராவது சொல்வார். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது: பூசணம் காற்றில்தான் வாழும், பியருக்குள் இறங்கி வளராது, ஆல்கஹாலும் அமிலமும் அதற்கு ஒத்துவராது. ஆனால் மேலே தெரியும் ரோமத்துக்கு அடியில் வேர் மாதிரி இழைகள் பழத்துக்குள் போயிருக்கும். சில பூசணங்கள் விடும் நஞ்சு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது, சூடாக்கினாலும் சுலபத்தில் போகாது. எந்தப் பூசணம் என்று நிறத்தை வைத்துச் சொல்ல எனக்கு வராது, உங்களுக்கும் வராது. எதிர்ப்பக்கத்தில் இருப்பது என்ன? நாலு லிட்டர் பியர். மால்ட்டும் ஹாப்ஸும் சேர்த்துச் சில பவுண்டு. இதற்காக யோசிப்பதே அதிகம்.

ஒன்று மட்டும்: வீட்டுக்குள் சிங்கில் கொட்டாதீர்கள். அதன் வித்துகள் காற்றில் பறக்கும். அடுத்த வாரம் அதே அடுக்களையில்தான் காய்ச்சப் போகிறீர்கள். நான் தோட்டத்தின் கோடியில் உரக்குழியில் கொட்டினேன்.

ஐந்தாவதைக் கொட்டவில்லை. அது பியராக இருக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது, சரி வினிகராகவாவது போகட்டும் என்று வாயில் துணி கட்டிக் காற்றோட்டமான இடத்தில், காய்ச்சும் சாமான்களுக்கு எட்டாத தூரத்தில், தோட்டக் கொட்டகையில் வைத்தேன். இங்கே சிப்ஸ் மேல் தெளிக்கும் மால்ட் வினிகர் பியர் மாதிரி ஒன்றிலிருந்து வருவதுதானே. ஹாப்ஸ் கசப்பு கொஞ்சம் தங்கிவிட்டது. வீட்டில் யாரும் தொடவில்லை, கெட்டிலில் படியும் சுண்ணாம்பை எடுக்கப் பிரமாதமாக இருந்தது.

தம்பியின் குடுவை

அவன் படத்தில் ரோமம் இல்லை, நிறம் இல்லை, சுருக்கம் இருக்கிறது, குமிழி மாட்டியிருக்கிறது. பழம் கிடையாது. சவ்வு. கொட்ட வேண்டாம். கெக் இல்லை, அதனால் அந்த வழியும் இல்லை. அவன் கடைசியாக அளந்தது 1.014, அது மாற்றிய அன்று. இன்று ஒருமுறை அளக்கட்டும், முகரட்டும், கோலி போட்டு மூடட்டும். அடுத்து அளப்பது ஒரு மாதம் கழித்து. இறங்கியிருந்தால் விட்டுவிட வேண்டும், எத்தனை மாதமானாலும். நின்றிருந்தால் இன்னொரு மாதம் பார்த்துவிட்டு அடைக்கலாம். நடுவில் படம் வேண்டாம்.

சைஃபன் குழாய், பிளாஸ்டிக் வாளி, ரப்பர் கார்க் எல்லாவற்றையும் இனி இந்த வகைக்கென்றே ஒதுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறலில் இவை ஒளிந்துகொள்ளும், எவ்வளவு கழுவினாலும் அடுத்த பியரில் எட்டிப் பார்க்கும். கண்ணாடிக்கு அந்தப் பிரச்சினை இல்லை: பெர்கார்பனேட் தூளில் ஓரிரவு ஊறவைத்து, அலசி, ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கி லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்த தண்ணீரால் நனைத்தால் போதும். என்னிடம் சிவப்பு டேப் சுற்றிய குழாய் ஒன்று அந்த அக்டோபரிலிருந்து இருக்கிறது.

மூன்றாவது குடுவை அக்டோபரில் 1.010. டிசம்பரில் 1.007. மார்ச்சில் 1.004. ஏப்ரலிலும் மே மாதத்திலும் அதே 1.004. ஏடு அதற்குள் தானாகவே உடைந்து பாதி அடியில் விழுந்திருந்தது. மே கடைசியில் அடைத்தேன், தடித்த கண்ணாடியில் செய்த ஷாம்பெயின் பாட்டில்களில், சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்து, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து. ஜூலையில் முதல் பாட்டிலைத் திறந்தேன். வெளிச்சத்தில் பிடித்தபோது கழுத்துக்குள், பியர் மட்டம் இருந்த இடத்தில், நூல் கட்டியது போல மெல்லிய வெள்ளை வளையம். உள்ளே மாட்டியிருந்த அந்தச் சொட்டுக் காற்றை வைத்துக்கொண்டு அங்கேயும் கூரை கட்டப் பார்த்திருக்கிறார்கள். துடைக்காமலே ஊற்றினேன்.